நல்ல இரும்பு தெரியும்வரை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையிலும், அங்கிருந்து பூந்தமல்லி வரையிலும் உள்ள ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெல்டிங் வெளிச்சம் புதிய காட்சியன்று. பொழுது சாய்ந்தபின் சி.டி.எச். சாலையில் பேருந்தில் சென்றால், கதவைப் பாதி இறக்கிய பட்டறைகளிலிருந்து அந்த நீல ஒளி விட்டுவிட்டு மின்னுவதைக் காணலாம். "அதைப் பார்க்காதே, கண்ணு கெட்டுடும்" என்று தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தைத் திருப்புவதையும் காணலாம்.

நம் பகுதி இரும்பால் வளர்ந்த பகுதி என்றால் மிகையாகாது. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அதே அறுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் உருவாயிற்று. மிதிவண்டியின் குழாயானாலும் சரி, டாங்கியின் கவசத் தகடானாலும் சரி, நெருப்பின் துணையின்றி இரும்போடு இரும்பு சேர்வதில்லை. ஆகவே இங்கே தெருவுக்கு ஒரு வெல்டர் இருப்பதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் கலைக்கல்லூரியில் வரலாறு படிக்கும் நான் அந்தக் கறுப்புக் கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்ததே இல்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில், எங்கள் வீட்டு வாசலில், எங்கள் சொந்த வண்டிக்காக அதைக் கற்றுக்கொண்டேன். வெல்டிங் என்பது ஒட்டும் கலை என்று நாம் எண்ணுகிறோம். அதில் பாதிக்குமேல் வெட்டும் கலை என்பதே நான் அறிந்துகொண்டது. அதைச் சக மாணவர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் வண்டி

எங்கள் வீடு திருமுல்லைவாயலில் இருக்கிறது. அம்மா இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறார். அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு அவற்றை ஏற்றிக்கொண்டு அம்பத்தூர், கொரட்டூர், பாடி ஆகிய இடங்களிலுள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். ஏழு மணிக்குள் மாவு கடைக்கு வந்துவிட வேண்டும். எங்கள் குடும்பத்தின் சோறும், என் கல்லூரிக் கட்டணமும், தங்கையின் பள்ளிக் கட்டணமும் இந்த மூன்று மணி நேரத்தில்தான் அடங்கியிருக்கின்றன.

அதற்குள்ள ஒரே துணை, 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதிவான ஒரு மாருதி ஆம்னி வேன். மாருதி நிறுவனம் 1984-இல் 'வேன்' என்ற பெயரிலேயே அறிமுகப்படுத்திய வண்டி இது. 1988-இல் 'ஆம்னி' எனப் பெயர் மாறியது. 2019-இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. 796 சி.சி. இன்ஜின், ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே அது அமர்ந்திருக்கும். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டால் பத்து மாவுக்கூடைகள் தாராளமாகக் கொள்ளும்.

இந்த வண்டியின் அமைப்பைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். லாரிக்கு அடியில் நீளமான இரண்டு இரும்புத் தூலங்கள் உண்டு, அதுதான் சேஸிஸ். அதன்மேல் பாடி கட்டுவார்கள். லாரிக்கு நாமக்கல்லும் பேருந்துக்குக் கரூரும் பாடி கட்டுவதில் பெயர்பெற்றவை. பாடி போனாலும் சேஸிஸ் நிற்கும். ஆம்னி போன்ற வண்டிகளில் அப்படித் தனியான சேஸிஸ் கிடையாது. மெல்லிய தகட்டைப் பெட்டிபோல மடித்து, ஒன்றோடொன்று இணைத்து, அந்தக் கூட்டையே முழுப் பாரத்தையும் தாங்கச் செய்திருக்கிறார்கள். தூண் இல்லாத வீட்டில் சுவரே கூரையைத் தாங்குவது போன்றது இது. சுவர் உளுத்துப்போனால் அதை வெறும் சுவர்தானே என்று விட்டுவிட முடியுமா?

எங்கள் வண்டியின் சுவர் உளுத்துத்தான் போயிருந்தது. மாவு புளிக்கும், பாக்கெட் கசியும், அந்தப் புளித்த நீர் மிதியடிக்குக் கீழே இறங்கித் தகட்டைத் தின்னும். அது பல ஆண்டுகளாக நடந்தது. அதன்மேல் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் நின்ற நாட்கள் அவை. எங்கள் தெருவிலும் முழங்காலளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதில் நின்றது. பிப்ரவரியில் ஒருநாள் மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோது, அப்பாவின் கட்டைவிரல் தரைத் தகட்டுக்குள் இறங்கிவிட்டது.

துருவின் மேல் வைத்த ஒட்டு

மூன்றாண்டுகளுக்கு முன் இதே இடத்தில் சிறிய ஓட்டை விழுந்து, ஒரு பட்டறையில் கொடுத்து அடைத்திருந்தோம். அப்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போது சுரண்டிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. துருவை எடுக்காமல், அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்து, நான்கு மூலையில் மட்டும் பற்றவைத்து, சுற்றிலும் பட்டி பூசி, மேலே கறுப்புத் தார் அடித்திருந்தார்கள். எந்தப் பட்டறை என்பது இங்கே தேவையில்லை. அவசரத்தில் எங்கும் நடப்பதுதான் அது.

அதனால் விளைந்த கேடு என்ன? இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்குமேல் பெருகிவிடுகிறது. இரண்டு தகடுகளின் இடுக்கில் ஈரமும் காற்றும் புகுந்து துரு வளர்ந்தால், அதுவே ஆப்புப்போல நின்று தகடுகளைப் பிளக்கும். வெளியே பட்டியும் பெயின்டும் மூடியிருப்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சிறிய ஓட்டை பெரிய ஓட்டையாவதற்கு அந்த ஒட்டே வழிசெய்துவிட்டது.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்தத் தவணை 2024 ஜூன். டிங்கர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் கேட்டபோது 28,000 ரூபாய், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வேலையைப் பார்த்தால் அது அதிகமான தொகையும் அன்று. ஆனால் மூன்று வாரம் மாவு போடாவிட்டால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? வேறொருவரிடம் வாங்கத் தொடங்கிவிடுவார். பிறகு அந்தக் கடை நமக்குத் திரும்பாது. வண்டி காலையில் ஓடவும் வேண்டும், பழுதும் தீரவேண்டும். வீட்டிலேயே செய்தாலொழிய வேறு வழியில்லை என்று ஆயிற்று.

பெரியப்பாவின் பாடம்

என் பெரியப்பா ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு விரல் கனம் உள்ள தகட்டை எல்லாம் பத்தவெச்சவரு, இந்தத் தகரம் அவருக்கு எம்மாத்திரம்?" என்று அம்மா சொன்னார். பெரியப்பா சிரித்தார். "கனமான தகடு மன்னிக்கும். இது மன்னிக்காது" என்றார்.

அதன் காரணம் பிறகுதான் எனக்கு விளங்கியது. இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி வெப்பம் வேண்டும். ராடின் நுனியில் மின்சாரம் தாவும்போது எழும் சுடரோ ஏறத்தாழ 6,000 டிகிரி. சூரியனின் மேற்பரப்பைப் போன்ற வெப்பம். கனமான தகட்டில் அந்தச் சூடு நாலாபுறமும் பரவி அடங்கிவிடும். வண்டித் தகட்டின் கனமோ முக்கால் மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டர். சூடு போவதற்கு இடமில்லை. ஒரு நொடி கூடுதலாக நின்றால் தகடு உருகிச் சொட்டிவிடும். இணைக்கவந்த இடத்தில் ஓட்டை விழும்.

முதல் நாள் பெரியப்பா என் கையில் ராடையே கொடுக்கவில்லை. ஒரு சிறு சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் கொடுத்தார்.

"ஒட்டறது அப்புறம்டா. எது இரும்பு, எது துருன்னு முதல்ல கண்டுபிடி."

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு 'ணங்' என்று பேசும். உளுத்த தகடு சத்தமில்லாமல் அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்தவேண்டும், இறங்கினால் துரு. சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தோம். மேலிருந்து பார்க்கும்போது உள்ளங்கையளவு தெரிந்த ஓட்டை, கோடு முடியும்போது ஒரு முறத்தளவு ஆகியிருந்தது.

பீரோக் கதவில் எழுத்துப் பழக்கம்

பயிற்சிக்குத் தகடு வேண்டுமே! காயலான் கடைக்குப் போனோம். கடைக்காரர் வெள்ளைத் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டைக் காட்டினார். பெரியப்பா வேண்டாம் என்றார். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கு முன்பே அது வெள்ளைப் புகையாக எழும். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். ஆகவே பழைய பீரோக் கதவு ஒன்றை எடை போட்டு வாங்கினோம். கனமும் எங்கள் வண்டித் தகட்டின் கனம்தான். பெயின்டைச் சுரண்டிவிட்டு, கையகலத் துண்டுகளாக வெட்டி அடுக்கினோம்.

மெஷின் பெரியப்பாவின் நண்பரிடம் இரவல் வாங்கியது. இன்வெர்ட்டர் வகை; வீட்டு மின்சாரத்திலேயே ஓடும்; கைப்பெட்டியளவுதான். ராடு 2 மில்லிமீட்டர். மின்னோட்டம் 40 ஆம்பியர் அளவு. வழக்கமாகக் கேட், ஜன்னல் வேலைக்கு எடுக்கும் 3.15 மில்லிமீட்டர் ராடு இந்தத் தகட்டுக்கு ஆகாது.

ராடைத் தீக்குச்சிபோல உரசிப் பற்றவைக்க வேண்டும். அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், விலக்கினால் அணைந்துபோகும். ராடின் கனத்தளவு இடைவெளியைக் கை தானாகவே காக்கவேண்டும். ராடு உருக உருகக் குறைந்துகொண்டே வருவதால், கையும் இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும். கறுப்புக் கண்ணாடிக்குள் உலகமே இருட்டு. பச்சையான ஒரு சிறு வட்டமும், அதில் குளம்போலத் தேங்கிய உருகிய இரும்பும் மட்டுமே தெரியும். "வெளிச்சத்தைப் பார்க்காதே, குளத்தைப் பாரு" என்பார் பெரியப்பா. அந்தக் குளம் அமிழத் தொடங்கினால் தகடு பொத்துக்கொள்ளப் போகிறது என்று பொருள். அப்போது கையை எடுத்துவிட வேண்டும்.

மெல்லிய தகட்டில் கோடாக இழுக்கவே கூடாது. ஒரு புள்ளி, உடனே எடு, சிவப்பு அடங்கட்டும், நான்கு விரல் தள்ளி அடுத்த புள்ளி. பிறகு எதிர்ப்பக்கம் ஒன்று. சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக முடுக்குவது போன்ற முறை இது. ஒரே பக்கமாகப் போனால் தகடு நெளிந்துவிடும். ஒரு மீட்டர் நீள இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவு நீளும். ஓரிடத்தில் மட்டும் நீண்டு, பிறகு குளிர்ந்து சுருங்கினால் தகடு அப்பளமாக வளையாமல் என்ன செய்யும்? புள்ளிகளுக்கு இடையே புள்ளி, அவற்றுக்கு இடையே மீண்டும் புள்ளி என்று நிரப்பி வரும்போது இறுதியில் கோடு தானாக அமையும். ஓட்டை விழும் அபாயமுள்ள இடத்தில் தகட்டுக்கு அடியில் ஒரு செம்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வோம். செம்பு சூட்டை விரைவில் வாங்கிக்கொள்ளும். இரும்பும் அதனோடு ஒட்டாது.

பெரியப்பா ஒரு தேர்வு வைத்தார். இணைத்த துண்டை வைஸில் கடித்துப் பிடித்து, சுத்தியலால் அடித்து மடக்க வேண்டும். இணைப்பு வாய்பிளந்தால் தோல்வி. இணைப்பு நின்று, பக்கத்துத் தகடு கிழிந்தால் வெற்றி. தொடர்ந்து பத்துத் துண்டுகள் தேறிய பிறகுதான் வண்டியைத் தொடவேண்டும் என்பது அவர் விதி. மார்ச் மாதம் தொடங்கிய பயிற்சி ஏப்ரல் பிற்பாதிவரை சென்றது. கல்லூரித் தேர்வில் நாற்பது மதிப்பெண் எடுத்தால் தேறலாம். இங்கே பத்துக்குப் பத்து!

ராடு வந்த வரலாறு

வரலாற்று மாணவனாதலால் இந்த ராடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1880-களில் ரஷ்யப் பேரரசில் பெனார்தோஸ் என்பவர் கார்பன் கோலிலிருந்து மின்சுடர் எழுப்பி இரும்பை இணைத்தார். 1888-இல் ஸ்லாவ்யானோவ் என்பவர் கார்பனுக்குப் பதிலாக, தானே உருகி இணைப்பாக மாறும் உலோகக் கோலைப் பயன்படுத்தினார். ஆனால் வெறும் கோல் உருகும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் கலந்து இணைப்பு நொறுங்கத்தக்கதாகிவிடும். இதற்கு வழிகண்டவர் சுவீடன் நாட்டு ஆஸ்கார் செல்பெர்க். கோலின்மேல் ஒரு பூச்சுப் பூசினார். அது எரியும்போது எழும் வாயு காற்றை விலக்கும். உருகிய பூச்சு கசடாக மேலே படர்ந்து இரும்பை மூடிக் காக்கும். குளிர்ந்தபின் தட்டினால் உதிரும் அந்தக் கறுப்பு ஓடு இதுதான். அவர் 1904-இல் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் இந்தியக் கிளை, நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலேயே அலுவலகம் வைத்திருக்கிறது. நாள்தோறும் பேருந்தில் கடந்துசெல்லும் பெயர்ப்பலகைக்குப் பின்னே இப்படி ஒரு வரலாறு!

பழைய டிங்கர்கள் மின்சாரத்தைவிடக் கேஸ் வெல்டிங்கையே நம்பினார்கள். கார்பைடு கல்லில் நீர் சொட்டவிட்டு அசெட்டிலின் வாயு எழுப்பி, ஆக்சிஜனோடு சேர்த்து எரிப்பார்கள். சுடரின் வெப்பம் 3,000 டிகிரியைத் தாண்டும். இன்று பெரிய பட்டறைகளில் கம்பிச்சுருளிலிருந்து தானே கம்பி நீண்டுவரும் மிக் வெல்டிங் வந்துவிட்டது. மெல்லிய தகட்டுக்கு அதுவே மிகவும் ஏற்றது. எங்களுக்குக் கிடைத்தது ராடு. கிடைத்ததைக் கொண்டு செய்தோம்.

காக்கவேண்டியவை

வீட்டில் இவ்வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பெட்ரோல் டாங்கு அருகில் இருக்கும்போது நெருப்பு கூடவே கூடாது. நிறைந்த டாங்கைவிடக் காலியான டாங்கு ஆபத்தானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எரிவது பெட்ரோலின் ஆவி. காற்றில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குக் கலந்திருந்தாலே வெடிக்கும். எனவே வேலை செய்த நாட்களில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து டாங்கை இறக்கித் தொலைவில் வைத்தோம். பாட்டரி இணைப்பையும் கழற்றினோம்.

அந்த ஒளியில் புறஊதாக் கதிர் இருக்கிறது. வெறுங்கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல உறுத்தும். ஆகவே நம் முகத்துக்கு ஏற்ற கண்ணாடி மட்டும் போதாது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள் அல்லவா? வாசலைச் சுற்றித் தகரத் தடுப்பு நிறுத்தினோம்.

பாலியஸ்டர் சட்டை ஆகாது. பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கை வைத்த பருத்திச் சட்டையே நல்லது. நம் ஊர்க் கோடையில் வியர்வை பெரும் பகை. மெஷின் சும்மா இருக்கும்போதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த கையுறைக்கு அது ஒன்றும் செய்யாது. நனைந்த கையுறைக்குச் செய்யும். பெரியப்பா மூன்று ஜோடிக் கையுறைகளை வெயிலில் காயப்போட்டு மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

வெட்டிய நாள்

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. அப்பா மாவு போட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்தார். ஒன்பது மணிக்குக் கிரைண்டர் சுழன்றது. சாக்குக்கட்டிக் கோட்டின்மேல் வெட்டிக்கொண்டே போனேன். வெட்டிய ஓரத்தை உரசிப் பார்த்தால் வெள்ளியாக மின்ன வேண்டும். பழுப்பு தெரிந்தால் இன்னும் ஓர் அங்குலம் வெட்டவேண்டும். கோட்டைத் தாண்டியும் இரண்டு இடத்தில் பழுப்புத் தெரிந்தது. மேலும் வெட்டினோம்.

பதினோரு மணிக்கு வண்டியின் தரை வழியே எங்கள் வீட்டு வாசற்கோலம் தெரிந்தது. அம்மா வந்து பார்த்தார், பேச்சே வரவில்லை. "அடைக்கச் சொன்னா, இருந்ததையும் எடுத்துட்டீங்களே!" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை நான்கு மணி அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. துருவோடு இருந்தாலும் அதுவரை அது வண்டி. இப்போது அதுவும் இல்லை.

பெரியப்பா அமைதியாகச் சொன்னார்: "இப்பதான் நமக்கு இரும்பு கிடைச்சிருக்கு. இனிமே ஒட்டலாம்."

காகிதத்தில் அச்செடுத்து, புதிய தகட்டை அதற்கேற்ப வெட்டி மடக்கினோம். ஓரத்தை வயர் பிரஷால் தேய்த்தேன். முதல் புள்ளி, எதிர்ப்புறம் இரண்டாவது, பிறகு மூன்றாவது, நான்காவது. பீரோக் கதவில் பழகிய கை, அந்த நேரத்தில் எதையும் நினைக்காமல் தன் வேலையைச் செய்தது. மாலை ஆறு மணிக்குப் புள்ளிகள் கோடாயின. கசடைத் தட்டி, உரசி, ரெட் ஆக்சைடு அடித்தோம். இடுக்குகளில் நீர் புகாதபடி சீலர் பூசினோம். பெரியப்பா தரையின்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். மெக்கானிக் வந்து டாங்கை ஏற்றினார். திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது.

தொடாமல் விட்ட இடம்

அடுத்த ஞாயிறு மறுபக்கம். இங்கே எதிர்பாராத ஒன்று காத்திருந்தது. தரைத் தகட்டை வெட்டி எடுத்ததும், அதற்குக் கீழே செல்லும் பெட்டி வடிவான தாங்கியிலும் ஒரு சாண் நீளத்துக்குத் துரு தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், சீட் பெல்ட்டின் பூட்டுப் பொருந்தும் இடத்துக்கு அருகில்.

நான் ராடை எடுத்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம வேலை இல்லை."

"ஏன் பெரியப்பா? நீங்க டாங்கியே பண்ணினவராச்சே!"

"அங்கே பண்ணினதை எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்ல பார்ப்பாங்க. இங்கே யாரு பார்ப்பா? தரை விட்டுப்போனா மாவுதான் கொட்டும். இது விட்டுப்போனா உங்கப்பன் போவான்."

அவர் சொன்னதில் இருந்த பொருளை இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். நாற்பதாண்டு அனுபவமுள்ள கை அது. ஆயினும் இந்த இரவல் மெஷினைக் கொண்டு, வாசலில் படுத்துக்கொண்டு, இந்த இடத்தை நிறைவாகச் செய்ய இயலாது என்று அது அறிந்திருந்தது. தரையை மட்டும் தற்காலிகமாகப் புள்ளி வைத்து மூடினோம். அன்று மாலையே வண்டியைப் பாடியில் உள்ள ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றோம். அங்கே மிக் மெஷின் இருந்தது. வண்டியைத் தூக்கி நேராக நிறுத்தும் வசதியும் இருந்தது. உளுத்த துண்டை எடுத்துவிட்டு, சற்றுக் கனமான தகட்டில் புதுத் தாங்கி செய்து பொருத்தினார்கள். இரண்டு நாள்; 4,500 ரூபாய். அந்த இரண்டு நாளும் அப்பா வாடகை ஆட்டோவில் மாவு போட்டார். லாபம் வாடகைக்கே போயிற்று. ஆனால் கடை ஒன்றும் கைவிட்டுப் போகவில்லை.

பட்டறை மேஸ்திரி நான் செய்த தரையைச் சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "யாரு போட்டது?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். "பட்டி எங்கே?" என்றார் மேஸ்திரி. "பட்டி வைக்கலை" என்றேன். தலையை அசைத்துவிட்டுத் தம் வேலைக்குப் போய்விட்டார். அதை ஒரு சான்றிதழாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டினோம். ஆய்வாளர் உள்ளே பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். வண்டி தேறியது. பதிவு 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ராடு, தகடு, கிரைண்டர் சக்கரம், பெயின்ட், மெக்கானிக் கூலி, பாடிப் பட்டறைச் செலவு எல்லாம் சேர்ந்தும் 12,000 ரூபாயைத் தாண்டவில்லை.

நண்பர்களுக்கு

கலைக்கல்லூரி மாணவனுக்கு இந்தக் கைத்தொழில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். வெல்டிங்கை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு முறையான வழிகள் உண்டு. அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் நம் அருகிலேயே இருக்கிறது, ஐ.டி.ஐ.களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்புத்தான். திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சார்ந்து 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே இயங்கிவருகிறது. இரண்டு மாதம் பீரோக் கதவில் பழகிய நான் வெல்டர் ஆகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

நான் பெற்றது வேறு. சேதமான ஒன்றைக் கண்டால் உடனே மூடிவிடத்தான் நமக்குத் தோன்றுகிறது. மூடுவது எளிது, பார்வைக்கும் நன்றாக இருக்கும். நல்ல இடம் தெரியும்வரை வெட்டுவது கடினம். ஓட்டை பெரிதாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டாரின் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாழிகை அச்சத்தைத் தாங்கிக்கொள்ளக் கற்றேன். நம் கைக்கு எட்டாத இடம் வரும்போது ராடைக் கீழே வைத்துவிட்டு, அறிந்தவரிடம் செல்வதும் அதே கல்வியின் மறுபாதி என்று கற்றேன். இவ்விரண்டும் வரலாற்று ஆய்வுக்கும் வேண்டும், குடும்பத்துக்கும் வேண்டும், நாட்டுக்கும் வேண்டும் என்றே தோன்றுகிறது.

உங்கள் வீடுகளிலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர், அச்சு வார்த்தவர், பெயின்ட் அடித்தவர் என்று இப்பகுதியில் கைத்திறன் இல்லாத வீடு அரிது. அவர்கள் அறிந்தவற்றில் பெரும்பகுதி எந்த நூலிலும் எழுதப்படவில்லை. விடுமுறையில் ஒரு மாதம் அவர்கள் அருகில் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாளே கருவியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். பொறுத்திருங்கள்.